சார்ட்டர் பள்ளியில் யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? (வாசகர் கேள்வி பதில்)

அமெரிக்காவில் பள்ளிச் சேர்க்கை லாட்டரி (குலுக்கலில் இடம் ஒதுக்குவது) முடிவுகள் வரும் காலம் என்பதால் இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி, அரசுப் பணத்தில் தனிக் குழு நடத்தும் சார்ட்டர் பள்ளிகளைப் பற்றித்தான். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மகளுக்குப் பக்கத்துக் கம்யூனிட்டி சார்ட்டர் பள்ளியில் லாட்டரியில் இடம் கிடைத்திருக்கிறது. அவர்கள் இணையதளத்தில் 'லீடர்ஷிப் டீம்' என்று பத்துப் பேர் படம் போட்டிருக்கிறார்கள். எக்ஸிக்யூட்டிவ் டைரக்டர், பிரின்சிபல், டீன், ஆபரேஷன்ஸ் டைரக்டர் என்று நீள்கிறது பட்டியல். "இது பள்ளிக்கூடமா, கம்பெனியா?" என்கிறார் கணவர். இவர்களில் யாரைப் போய்ப் பார்ப்பது?
– ஒரு வாசகி, ஈகன், மினசோட்டா

உங்கள் கணவர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. சாதாரண அரசுப் பள்ளியில் பிரின்சிபலுக்குப் பின்னால் மாவட்டக் கல்வி அலுவலகம் என்று ஒன்று இருக்கும். சம்பளம் போடுவது, பஸ் விடுவது, மதிய உணவு, கூரை ஒழுகினால் ஆள் அனுப்புவது எல்லாம் அங்கே நடக்கும், பெற்றோர் கண்ணுக்குத் தெரியாது. தனியாக நிற்கும் சார்ட்டர் பள்ளிக்கு அந்த அலுவலகம் கிடையாது. அந்த வேலை அத்தனையும் பள்ளிக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது, அதனால்தான் நானூறு பிள்ளைகள் படிக்கிற இடத்தில்கூட இத்தனை பதவிப் பெயர்கள். பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம்.

எக்ஸிக்யூட்டிவ் டைரக்டர் பணத்தையும் வெளி உலகத்தையும் பார்ப்பவர்: போர்டு (பள்ளியின் நிர்வாகக் குழு), கட்டடத்துக்காரர், மாநிலக் கல்வித் துறை, நன்கொடை. பிரின்சிபல் வகுப்பறையைப் பார்ப்பவர். டீன் என்றால் ஏதோ பல்கலைக்கழகப் பதவி என்று நினைத்துவிடாதீர்கள், பையன்கள் அடித்துக்கொண்டால் பிரித்துவிட்டு வீட்டுக்கு போன் போடுகிறவர் அவர்தான். சின்னப் பள்ளிகளில் இந்த எல்லைகள் எல்லாம் காகிதத்தில் மட்டும். ஜனவரிக் குளிரில் காலை ஏழே முக்காலுக்குப் பள்ளி வாசலில் போய் நின்று பாருங்கள், மஞ்சள் கோட்டு மாட்டிக்கொண்டு, கையில் வாக்கி டாக்கியோடு கார் வரிசையை நகர்த்திக்கொண்டிருப்பவர் எக்ஸிக்யூட்டிவ் டைரக்டராகவே இருக்கலாம். எந்தப் பிள்ளை எந்தக் காரிலிருந்து இறங்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். அந்தப் பத்து நிமிஷம், இணையதளத்தில் இருக்கும் நாலு பத்தி அறிமுகத்தைவிட நிறையச் சொல்லும்.

யாரைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். நான் இரண்டு பேரைப் பார்ப்பேன், இரண்டு பேரும் அந்தப் படவரிசையில் கடைசியில்தான் இருப்பார்கள். ஒருவர் சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பாளர். உங்கள் மகளுக்கு அந்த உதவி தேவையில்லாமல் இருக்கலாம், ஆனாலும் பாருங்கள். சார்ட்டர் பள்ளியும் பொதுப் பள்ளிதான், கற்றலில் தடை இருக்கும் பிள்ளைகளுக்கான மத்திய சட்டம் அதற்கும் முழுசாகப் பொருந்தும், 'எங்களிடம் அதற்கு வசதி இல்லை' என்று நைசாகத் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. அவரிடம் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், ஸ்பீச் தெரபிக்கு யார் வருகிறார்கள் என்று கேட்டால் அந்தப் பள்ளி கஷ்டமான வேலையை எப்படிச் செய்கிறது என்று புரிந்துவிடும். இன்னொருவர் ஆபரேஷன்ஸ் டைரக்டர். பஸ் நேரத்துக்கு வருகிறதா, கட்டடக் குத்தகை எப்போது முடிகிறது என்று அவரிடம் கேளுங்கள். சார்ட்டர் பள்ளிகளில் பலவும் வாடகைக் கட்டடத்தில் நடப்பவை, குத்தகை முடியும்போது பள்ளியே ஊரின் இன்னொரு மூலைக்குப் போய்விடுவதும் உண்டு.

அப்புறம், அந்தப் பக்கத்தில் இல்லாதவர்களைத் தேடுங்கள். படத்தில் சிரிக்கிற பத்துப் பேரும் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள், அவர்களை நியமிப்பதும் நீக்குவதும் போர்டு. உங்கள் மாநிலச் சட்டப்படி அந்த போர்டில் ஐந்து பேராவது இருக்க வேண்டும், ஒருவருக்கொருவர் உறவாக இருக்கக் கூடாது, அங்கே பாடம் நடத்தும் ஓர் ஆசிரியர், ஒரு பெற்றோர், பள்ளியில் வேலை பார்க்காத ஊர்க்காரர் ஒருவர் கட்டாயம். பள்ளித் தலைவரும் நிதிப் பொறுப்பாளரும் கூட்டத்தில் உட்காரலாம், ஓட்டுப் போட முடியாது. இந்த போர்டைத் தேர்ந்தெடுப்பதில் உங்களுக்கும் ஓட்டு உண்டு என்பது தெரியுமா? பிள்ளையைச் சேர்த்த அன்றிலிருந்து உண்டு. பெரும்பாலான பெற்றோர் அந்த மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை.

என் பேத்தி அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளியில் படிக்கிறாள். அது தனியார் பள்ளியா, அரசுப் பள்ளியா? ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டால் மகன் சிரிக்கிறான்.
– ஒரு வாசகர், மதுரை

ஃபீஸ் கிடையாது ஐயா, அதனால்தான் சிரிக்கிறார். பணம் அரசுடையது, நடத்துவது தனிக் குழு. நம்ம ஊர் அரசு உதவி பெறும் பள்ளி ஓரளவுக்குக் கிட்டே வரும், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம்: இங்கே பள்ளி நடத்தும் அனுமதி ஒப்பந்தத்துக்குக் காலக்கெடு இருக்கிறது. பல மாநிலங்களில் ஐந்து ஆண்டு, அரிசோனாவில் பதினைந்து. சொன்னபடி பிள்ளைகள் படிக்கவில்லை, கணக்கு சரியில்லை என்றால் அனுமதி கொடுத்த அமைப்பு பள்ளியையே மூடலாம், மூடியும் இருக்கிறார்கள். முதல் சட்டம் 1991ல் மினசோட்டாவில் வந்தது, முதல் பள்ளி 1992ல் செயின்ட் பால் நகரில் திறந்தது. இன்று நாடு முழுக்க ஏறத்தாழ எட்டாயிரம். வேடிக்கை என்னவென்றால், 1988ல் இந்த யோசனையை ஊரறியப் பேசிப் பரப்பியவர் ஆல்பர்ட் ஷாங்கர், ஆசிரியர் சங்கத் தலைவர்! ஆசிரியர்கள் புதுசாக எதையாவது செய்து பார்க்க ஓர் இடம் என்று அவர் நினைத்தார். பிற்பாடு இது போன திசையைப் பார்த்து அவரே எதிர்த்துப் பேசினார். இன்று பெரும்பாலான சார்ட்டர் பள்ளிகளில் சங்கமே கிடையாது.

எங்கள் பள்ளியைத் தொடங்கியவரே இருபது வருஷமாக எக்ஸிக்யூட்டிவ் டைரக்டர். மனைவி ஆபரேஷன்ஸ் பார்க்கிறார். நல்ல மனிதர்கள், உழைப்பாளிகள். ஆனாலும் மனசுக்குள் ஏதோ உறுத்துகிறது. உறுத்துவது தப்பா?
– பெயர் வேண்டாம், டெக்ஸஸ்

தப்பே இல்லை. தொடங்கியவர் இல்லாமல் அந்தப் பள்ளியே இருந்திருக்காது, அது உண்மை. வாடகைக்குக் கட்டடம் தேடி அலைந்து, வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பிள்ளைகளைச் சேர்த்தவர்களிடம் 'இந்தச் செலவு எதற்கு?' என்று கேட்க போர்டில் இருப்பவர்களுக்கே நாக்கு எழாது, ஏனென்றால் அவர்களில் பாதிப் பேரை அழைத்து வந்து உட்கார வைத்தவரே அவர்தான். ஆபத்து இங்கேதான். திருடுபவர்களைப் பற்றி நான் சொல்லவில்லை, நல்லவர்களைக் கேள்வி கேட்க ஆளில்லாமல் போவதைப் பற்றிச் சொல்கிறேன்.

செயின்ட் பாலில் நடந்ததைக் கேளுங்கள். ஹமோங் காலேஜ் பிரெப் அகாடமி என்பது தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்து குடியேறிய ஹமோங் சமூகத்துப் பிள்ளைகளுக்காக உருவாகி நன்றாக வளர்ந்த சார்ட்டர் பள்ளி. புதுக் கட்டடத்துக்குப் பணம் சேர்க்க வேண்டியிருந்தது. 2019ல் பள்ளிப் பணத்தில் 50 லட்சம் டாலரை ஒரு ஹெட்ஜ் ஃபண்டில் (ஆபத்து அதிகமுள்ள தனியார் முதலீட்டு நிதி) போட்டார்கள். பொதுப் பணத்தை அப்படிப் போட மாநிலச் சட்டத்தில் இடமில்லை. சுமார் 43 லட்சம் டாலர் போய்விட்டது. பள்ளியைத் தொடங்கி நடத்திவந்த சூப்பரின்டெண்டென்ட் 2021ல் பதவி விலகினார். எனக்கு இதில் அதிர்ச்சி தந்தது போன பணம்கூட இல்லை. இவ்வளவு பெரிய தொகை வெளியே போகும் முன் 'சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா?' என்று மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் வக்கீலுக்கு ஒரு போன் போட்டிருந்தாலே போதும்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது கணவன் மனைவி பற்றி அல்ல. மனைவியின் சம்பளத்தை யார் முடிவு செய்கிறார்கள், அவருடைய வேலையை மதிப்பிட்டு அறிக்கை எழுதுபவர் யார், கணவர் என்றால் ஏன், அவருக்கும் மேலே வேறு யாராவது கையெழுத்துப் போடுகிறார்களா? அடுத்த போர்டு கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் இதை அமைதியாகக் கேட்கலாம், குரல் உயர்த்த வேண்டியதில்லை. இன்னொன்று, 'அவருக்குப் பிறகு யார்?' என்ற கேள்வி. இருபது வருஷமான பள்ளியில் இதற்கு எழுதி வைத்த பதில் இல்லை என்றால் போர்டு தூங்குகிறது என்று அர்த்தம்.

நாலு வருஷத்தில் மூன்றாவது பிரின்சிபல் வந்துவிட்டார். பிள்ளையை மாற்றிவிடட்டுமா?
– ஒரு வாசகர், நியூ ஜெர்சி

அவசரப்பட வேண்டாம். பிரின்சிபல் போவதைவிட, அவருடன் யார் போனார்கள் என்று பாருங்கள். ஆசிரியர்கள் அதேபோல் இருந்து, பிரின்சிபல் மட்டும் மாறிக்கொண்டே இருந்தால் அநேகமாக மேலே எக்ஸிக்யூட்டிவ் டைரக்டரோடு ஒத்துப்போகவில்லை, வகுப்பறை பிழைத்துக்கொள்ளும். மூன்றாம் வகுப்பு டீச்சர், கணக்கு டீச்சர், ஆபீஸில் உட்கார்ந்து எல்லாப் பிள்ளைகள் பெயரும் தெரிந்து வைத்திருந்த அம்மா என்று எல்லோரும் ஒரே கோடையில் கிளம்பியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

தலைவரே இல்லாமல் சார்ட்டர் பள்ளி நடத்த முடியாதா? ஆசிரியர்களே நடத்தினால் என்ன?
– ஓர் ஆசிரியை, திருச்சி

நடத்துகிறார்கள், அதுவும் முப்பது வருஷமாக. 1994ல் தொடங்கி, மினசோட்டாவில் ஹெண்டர்சன் என்ற சின்ன ஊரில் நடக்கும் மினசோட்டா நியூ கன்ட்ரி ஸ்கூலில் வழக்கமான பிரின்சிபல் பதவி கிடையாது. ஆசிரியர்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து பட்ஜெட், வேலைக்கு ஆள் எடுப்பது, ஒருவரை ஒருவர் மதிப்பிடுவது எல்லாவற்றையும் தாங்களே முடிவு செய்யும் முறை அங்கே உருவானது. செயின்ட் பாலில் அவலான் என்ற பள்ளியும் இதே வழியில் நடக்கிறது. படிக்க அழகாக இருக்கிறது, இல்லையா? ஆனால் சக ஆசிரியரிடம் 'உங்கள் வகுப்பு சரியில்லை, அடுத்த வருஷம் வேண்டாம்' என்று நீங்களே முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும், சாயங்காலம் ஆறு மணிக்கு போட்டோகாப்பி மெஷின் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் நீங்களே படிக்க வேண்டும். அதற்குத் தயாராக இருப்பவர்கள் பதினைந்து பேர் சேர்ந்தால் நடக்கும். பெரிய பள்ளியில் நடக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

நான் ஆடிட்டர். மகன் படிக்கும் சார்ட்டர் பள்ளியில் போர்டில் சேரச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பெருமையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. சேரலாமா?
– ஒரு வாசகி, ஃபிரீமான்ட், கலிஃபோர்னியா

தாராளமாகச் சேருங்கள், ஆனால் பெருமையை வாசலில் விட்டுவிட்டுப் போங்கள். சம்பளம் இல்லாத வேலை, பொறுப்பு மட்டும் நிறைய. கலிஃபோர்னியாவில் 2019ல் வந்த சட்டத்துக்குப் பிறகு சார்ட்டர் போர்டுக்கும் மற்ற அரசு அமைப்புகளுக்கு இருக்கும் அதே விதிகள்தான். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை ஒட்ட வேண்டும், நிரலில் இல்லாததை முடிவு செய்யக் கூடாது, போர்டு உறுப்பினர்கள் வாட்ஸ்அப் குழுவில் கூடிப் பேசி முடித்துவிட்டுக் கூட்டத்தில் கை தூக்குவது சட்ட விரோதம். உங்கள் சொத்து, வருமானம், முதலீடு விவரங்களை 700ஆம் எண் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். உங்கள் கணவரின் கம்பெனி பள்ளிக்குக் கம்ப்யூட்டர் விற்றால், அந்த ஓட்டில் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், ஒப்பந்தமே செல்லாமல் போகலாம். முதலில் வக்கீலிடம் கேளுங்கள்.

ஒப்புக்கொள்ளும் முன் கடந்த மூன்று வருஷத் தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். உங்களுக்குப் படிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் பார்க்கச் சொல்வது இரண்டு வரிதான். பட்ஜெட்டில் எத்தனை பிள்ளைகள் என்று போட்டார்கள், உண்மையில் எத்தனை பேர் வந்தார்கள்? உங்கள் மாநிலத்தில் பணம் பெரும்பாலும் சராசரி தினசரி வருகையைப் பொறுத்தது, 420 பேர் என்று போட்டு 370 பேர் வந்தால் வருஷ நடுவில் யாராவது ஒருவருக்கு வேலை போகும், அதற்கான ஓட்டும் நீங்கள்தான் போட வேண்டியிருக்கும். இரண்டாவது, கையில் எத்தனை நாள் செலவுக்குப் பணம் இருக்கிறது.

எக்ஸிக்யூட்டிவ் டைரக்டரின் வருடாந்திர மதிப்பீட்டை எப்போது, எப்படிச் செய்கிறீர்கள் என்று போர்டு தலைவரிடம் கேளுங்கள். 'அவர் ரொம்ப நல்லவர், அதெல்லாம் தேவைப்படவில்லை' என்று பதில் வந்தால், அந்த வேலையை முதல் கூட்டத்திலேயே நிரலில் சேர்ப்பதாக இருந்தால் மட்டும் வருகிறேன் என்று சொல்லுங்கள். ஒத்துக்கொண்டால் சேருங்கள், மழுப்பினால் மகனுடைய பள்ளிக்கு வேறு வகையில் உதவலாம். அங்கே பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தர எப்போதும் ஆள் தேவை.