சொதிக்கு மீன் வாங்குவோர் கேள்விகள்

கேள்வி: தேங்காய்ப்பாலில் சொதி வைத்தால் மீன் உதிர்கிறது, பாலும் திரிகிறது. மீன்காரர் பழைய மீனைத் தள்ளிவிட்டாரா? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: மீன்காரரை விட்டுவிட்டு அடுப்பைக் குறையுங்கள். சின்ன வெங்காயம், கீறிய பச்சை மிளகாய், கறிவேப்பிலை, சிறிது வெந்தயம் ஆகியவற்றை இரண்டாம் பாலில் வேகவிட்டு, சட்டியின் ஓரத்தில் மட்டும் சிறு குமிழ்கள் எழும் சூட்டில் மீனை இறக்கினால், கரண்டி படாமலேயே சதை வெண்மையாகி முள்ளிலிருந்து விலகத் தொடங்கும். அதன் பிறகே முதற்பாலை ஊற்றி, கொதி வருவதற்குள் இறக்கிவிட வேண்டும். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்த பின்னர்தான்.

கேள்வி: மே மாதத்தில் 'இன்று காலை விசைப்படகில் வந்தது' என்று சொல்லி வஞ்சிரம் கொடுத்தார்கள். சொதியில் வாடை தாங்கவில்லை. பில் இல்லை. (வாசகர், சென்னை)

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை என்று ஆண்டுதோறும் செய்தி வருகிறது. செவுளைத் தூக்கிப் பார்க்கவில்லை, சதையை விரலால் அழுத்திப் பார்க்கவில்லை, பில்லும் கேட்கவில்லை. நான் என்ன செய்ய முடியும்? புளியும் மிளகாய்த்தூளும் தூக்கலாக உள்ள குழம்பில் ஓரளவு மறையும் வாடை, சொதியில் மறையாது.

கேள்வி: மீனை முழுதாக வேகவைக்கத் தனிப் பாத்திரம் வாங்கலாமா? (வாசகி, கோவை)

பதில்: வேண்டாம். நான் வாங்கிய நீண்ட எஃகுப் பாத்திரம் எந்த பர்னரிலும் சரியாக உட்காராமல் பரணில் கிடக்கிறது. அகன்ற மண்சட்டி போதும்.

கேள்வி: செயலியில் 'நிகர எடை 500 கிராம்' என்றிருந்த உறைந்த மீன், பனி உருகியதும் 380 கிராம்தான் இருந்தது. 'உருகினால் குறையத்தான் செய்யும்' என்கிறார்கள். (வாசகி, சேலம்)

பதில்: அம்மா, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். உறைந்த மீன் உலர்ந்துவிடாமலிருக்க மெல்லிய பனிப்பூச்சு கொடுப்பது முறையான வழக்கம்தான். அந்தப் பனியையும் மீன் விலைக்கு நிறுத்துக் கொடுப்பதுதான் அநியாயம். நிகர எடை என்றால் பனி நீங்கிய மீனின் எடை. உருகும்போது சதையிலிருந்தும் சிறிது நீர் கசியும் என்பது உண்மை, ஆனால் அரைக் கிலோவில் 120 கிராம் அப்படிக் கசிந்துவிடாது. காசு கொடுத்து வாங்கிய தண்ணீர் சொதியையும் நீர்க்கச் செய்கிறது என்பது எனக்கு இன்னும் எரிச்சலூட்டுகிறது. உறையின் அச்சிட்ட பக்கத்தையும் தராசில் மீன் இருப்பதையும் படமெடுத்து, விற்பனையாளருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை.

கேள்வி: மீனோடு கறிவேப்பிலை கொசுறாகக் கேட்டால் முறைக்கிறார்கள். அது என் உரிமை இல்லையா? (வாசகர், மதுரை)

பதில்: இல்லை. கொசுறாக வரும் இரண்டு இணுக்கு சொதிக்குப் போதவும் போதாது. காசு கொடுத்து ஒரு கட்டு வாங்குங்கள்.