எல்லை தாண்டி வண்டி நின்றால்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சிங்கப்பூரில் ரோன் 95 பெட்ரோல் போட்டு ஓட்டுகிறேன். மலேசியாவில் ரோன் 97 போட்டால் இன்ஜின் கெடுமா? (ஈசூன் வாசகர்)

பதில்: கெடாது. அங்கே ரோன் 95-ஐவிடக் கூடுதல் காசு, அவ்வளவுதான். வெளிநாட்டுப் பதிவு வண்டிக்கு அங்கே ரோன் 95 விற்கக் கூடாது என்று 2010 முதலே தடை இருக்கிறது. ரோன் 95 வரும் மஞ்சள் குழாயைத் தொடாதீர்கள்.

கேள்வி: குடும்பத்தோடு ஈப்போ போகும்போது பாகோ தாண்டி இன்ஜின் சூடேறி நின்றுவிட்டது. யாரையும் அழைக்காமலே ஓர் இழுவை வண்டி வந்தது. ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய், ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று 3,200 ரிங்கிட் கேட்டார்கள். கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது, கொடுத்துவிட்டோம். மூன்று மணி நேரத்தில் சாவியைத் தந்தார்கள். ஊர் திரும்பிக் காட்டினால், ஹெட்டைக் கழற்றவே இல்லை, ஒரு ரப்பர் ஹோஸ் மட்டும் புதிது என்கிறார் எங்கள் மெக்கானிக். (செங்காங் வாசகி)

பதில்: படித்ததும் வயிறு எரிந்தது அம்மா. குழந்தையோடு சாலையோரம் நின்ற உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

ஹெட்டைக் கழற்றி, அதன் தளம் சமமாக இருக்கிறதா என்று சரிபார்த்து, திரும்ப மாட்ட ஒரு நாளாவது பிடிக்கும். மூன்று மணி நேரம் என்பதே உங்களுக்குச் சாட்சி. கழற்றாததால் ஹெட் போல்ட்டுகளின் மேல் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் கலையாமல் இருக்கும். கிட்டத்தில் படம் எடுங்கள். மெக்கானிக்கிடம் தேதியோடு எழுதி வாங்குங்கள். கடன் அட்டையில் கட்டியிருந்தால் இன்றே வங்கியைக் கூப்பிட்டு அந்தத் தொகையை மறுத்து மனு கொடுங்கள். ரொக்கம் என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளை எடுப்பார்கள், மனுக் கட்டணம் 5 ரிங்கிட். விசாரணைக்கு ஒரு நாள் அலைய வேண்டியிருக்கும். போங்கள், விடாதீர்கள்.

இதை மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். வருடக்கணக்காக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஆனாலும் மாதம் தவறாமல் ஒரு கடிதம் வந்துவிடுகிறது. கூப்பிடாமல் வருகிற இழுவை வண்டிக்குச் சாவி கொடுக்காதீர்கள். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் நின்றால், அந்தச் சாலையை நடத்தும் பிளஸ் நிறுவனத்தின் உதவி எண் பிளஸ்லைன் 1800-88-0000. சிங்கப்பூர் சிம்மில் அந்த எண் கிடைக்காமல் போகலாம், அதனால் பிளஸ் செயலியைக் கிளம்பும் முன்பே இறக்கி வையுங்கள். அவர்களுடைய ரோந்து வண்டி வரும்வரை எல்லாரும் இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். அவசரத் தடத்தில் நிற்கும் காருக்குள் உட்கார்ந்திருப்பது உயிருக்கு ஆபத்து.

பட்டறைக்குப் போய்விட்டால், விலையை எழுதித் தரும்வரை பானட்டுக்குள் கை வைக்க விடாதீர்கள். கேஸ்கெட் போய்விட்டது என்றால், "சோதித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து நீலத் திரவத்தின் வழியே காற்றை உறிஞ்சுவார்கள். எரிந்த வாயு கசிந்தால் நீலம் மஞ்சளாகும். நீலமாகவே இருந்தால் உங்கள் பணத்தைப் பையிலேயே வையுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கிற பட்டறை எதையும் மாற்றவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

கேள்வி: மச்சாப் அருகே எண்ணெய் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஓய்விடம் பக்கம்தானே என்று ஓட்டினோம். இன்ஜின் இறுகிவிட்டது. காப்புறுதியில் கிடைக்குமா? (ஜூரோங் வாசகர்)

பதில்: கிடைக்காது. வண்டிக் காப்புறுதி விபத்துக்கு, இயந்திரக் கோளாறுக்கு இல்லை. மஞ்சள் விளக்கு என்றால் மெதுவாக ஓட்டிப் போய்க் காட்டலாம். எண்ணெய் விளக்கு சிவப்பாக எரிந்தால் அங்கேயே ஓரம்கட்டி அணைக்க வேண்டும். எண்ணெய் அழுத்தம் இல்லாமல் சில நிமிடம் ஓடினாலே பேரிங் தேய்ந்து போகும். வண்டியோடு தந்த கையேட்டில் முதல் பக்கங்களிலேயே இது இருக்கிறது. அதைப் புரட்டாமல் 300 கிலோமீட்டர் பயணம் கிளம்புகிறவர்களுக்கு நான் என்ன சொல்ல?

கேள்வி: நீண்ட பயணத்துக்குக் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) எடுத்துப் போகலாமா? நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீர் போதாதா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: தண்ணீர் அவசரத்துக்கு மட்டும். கூலண்ட் துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். ஒரு கடையில் "அப்படியே ஊற்றலாம்" என்று பச்சை நிற டப்பா ஒன்றை என்னிடம் மலிவாக விற்றார்கள். சாயம் கலந்த தண்ணீர் அது. ஒரே வருடத்தில் ரேடியேட்டருக்குள் செம்மண் குழம்பு போலத் துரு, வாட்டர் பம்பும் போயிற்று. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். கையேட்டில் சொன்ன தரக் குறியீடு டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. ஆறட்டும், அரை மணி நேரமாவது.

கேள்வி: வாடகைக் காரில் மலாக்கா போனோம். மலேசியா செல்ல எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தேன். வழியில் இன்ஜின் நின்றது. இப்போது இழுவைச் செலவை என் முன்பணத்தில் கழித்துக்கொண்டோம் என்கிறார்கள். (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: அனுமதி வாங்கியது நல்ல வேலை. இன்ஜினை நல்ல நிலையில் தருவது அவர்கள் பொறுப்பு. உங்கள் ஓட்டுதலால்தான் கெட்டது என்றால் பட்டறை அறிக்கையைக் காட்டச் சொல்லி மின்னஞ்சலில் கேளுங்கள், ஃபோனில் பேசாதீர்கள். ஒப்பந்தத்தில் இழுவைச் செலவு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். ஒரு வாரத்தில் சரியான பதில் வரவில்லையா? ஒப்பந்தம், அனுமதிக் கடிதம், மின்னஞ்சல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்கள்.