மகளைச் சாம்பியாவுக்கு அனுப்பக் காப்பை அடைவு வைக்கலாமா?

கேள்வி: என் மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். பள்ளிக்கூடக் காலத்தில் மாகாண மட்டம் வரை வலைப்பந்து விளையாடினவள். சாம்பியாவில் வசதி குறைந்த பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்குகிற தொண்டு வேலைக்கு ஒரு வெளிநாட்டு நிறுவனம் அவளைத் தெரிவு செய்திருக்கிறது. ஓகஸ்ட் 10 முதல் செப்டம்பர் 5 வரை, 4 கிழமை. கட்டணம் 1,500 டொலர். விமான டிக்கெட் தனி, 3 லட்சம் வரும் என்கிறார்கள். வங்கியில் 4 லட்சம் நிலையான வைப்பு இருக்கிறது. லண்டனில் இருக்கிற தம்பி 2 லட்சம் தருவதாகச் சொல்கிறான். மிச்சத்துக்கு என் காப்புச் சோடியை அடைவு வைக்கலாமா? பிள்ளையின் எதிர்காலத்துக்கு நல்லதுதானே? - ஒரு தாய், கோண்டாவில்

பதில்: அக்கா, காப்பைக் கழற்ற வேண்டாம். இதை முதலில் சொல்லிவிட்டால் மிச்சத்தை ஆறுதலாகப் பேசலாம்.

கணக்கைப் பார்ப்போம். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் கட்டணம் 4.5 லட்சம், டிக்கெட்டோடு 7.5. விசா, பயணக் காப்புறுதி, கொழும்புக்கு இரண்டு மூன்று தரம் போய்வருகிற செலவு, பிள்ளையின் கைச்செலவு எல்லாம் சேர்த்து இன்னும் ஒரு லட்சம் போடுங்கள். 8.5 லட்சம். கையில் இருப்பது 6. இடிக்கிற 2.5 லட்சத்துக்கு நகையை வைத்தால், பேச்சுக்கு 12 வீத வட்டி என்றாலும் வருடத்துக்கு 30,000 ரூபாய். பெரிய காசாகத் தெரியாது. ஆனால் அடைவு வைக்கிற எல்லாரும் ஒரு வருடத்தில் மீட்டுவிடுவேன் என்று சொல்லித்தான் வைக்கிறார்கள், அப்புறம் வட்டியை மட்டும் கட்டித் துண்டைப் புதுப்பித்துப் புதுப்பித்து, கடைசியில் ஏலக் கடிதம் வந்த பிறகு என்னிடம் ஓடி வந்தவர்களை எத்தனை பேர் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். படிப்புக்குக் கடன் வாங்கினால் நாளைக்கு அந்தப் படிப்பு உழைத்துக் கொடுக்கும் என்று ஒரு கணக்காவது சொல்லலாம். இந்த 4 கிழமையில் பிள்ளைக்குச் சம்பளம் இல்லை, வந்த பிறகும் இதைக் காட்டி யாரும் சம்பளம் கூட்டித் தரப் போவதில்லை. திரும்பி வராத காசு என்று தெரிந்துதான் கொடுக்க வேண்டும், அப்படிக் கொடுக்க உங்களிடம் இருப்பது எவ்வளவோ அதற்குள் மட்டும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. திகதியைத் திரும்பப் பாருங்கள். சாம்பியாவிலும் பள்ளிக்கூடம் வருடத்துக்கு மூன்று தவணைதான். முதலாவது ஜனவரியில் தொடங்கும், இரண்டாவது மே அளவில், மூன்றாவது செப்டம்பரில். இரண்டாம் தவணை ஓகஸ்ட் முற்பகுதியில் முடிந்துவிடும். ஆக உங்கள் மகள் போய் இறங்குகிற நேரம் பிள்ளைகள் வீட்டில் நிற்பார்கள்! வசதி குறைந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பழக்குவது என்று 8.5 லட்சம் செலவழித்து, அந்தப் பள்ளிக்கூடத்தின் பூட்டிய கேற்றைப் பார்த்துவிட்டு வருவதா? விடுமுறை முகாம் நடத்துகிறோம் என்று அவர்கள் சொல்லலாம். நடத்தலாம்தான், ஆனால் அது வேறு வேலை, அதை முதலே எழுதியிருக்க வேண்டும். ஓகஸ்டைத் தெரிவு செய்தது யாருடைய வசதிக்கு என்று யோசித்தால், இங்கிலாந்து, ஐரோப்பா மாணவர்களுக்கு அப்போதுதான் கோடை விடுமுறை. எங்கள் பல்கலைக்கழகத்துக்கு அப்போது விடுமுறையா, பரீட்சையா என்பதையும் மகளிடம் கேளுங்கள். வரவு குறைந்து பரீட்சை எழுத முடியாமல் போனால் அந்த நட்டம் இந்தக் கணக்கிலேயே இல்லை.

காசு யாருக்குப் போகிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். இதில் நாங்கள் யாழ்ப்பாணத்தார் வாங்குகிற பக்கத்தில் நின்று பழகியவர்கள், அதனால் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். சில வருடத்துக்கு முன் குறிகட்டுவானில் படகேறிப் போகிற ஒரு தீவுப் பள்ளிக்கூடத்துக்கு, ஆசிரியர்களுக்குச் சேமிப்பு பற்றிப் பேசப் போயிருந்தேன். அதற்கு முந்தின கோடையில் வெளிநாட்டிலிருந்து மாணவர்கள் வந்து இரண்டு கிழமை உதைபந்தாட்டம் பழக்கிவிட்டுப் போயிருந்தார்கள். பிள்ளைகளுக்குச் சந்தோசம், இல்லையென்று சொல்லவில்லை. விளையாட்டு அலுமாரியை ஒரு ஆசிரியை திறந்து காட்டினார். எட்டுப் பந்து. எட்டும் காற்றுப் போய் ஒன்றன்மேல் ஒன்று அப்பளம் மாதிரி. பம்பும் பக்கத்திலேயே இருந்தது. காற்றடிக்கிற ஊசி மட்டும் முறிந்துபோய், மாற்று ஊசி இல்லை. டவுனில் சில்லறைக் காசுக்கு வாங்கலாம், ஆனால் அதை வாங்கிவர ஒரு ஆள் வேண்டும், பந்தைப் பின்னேரம் வெளியே எடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கென்று யாரும் காசு ஒதுக்கவில்லை.

ஆகவே நிறுவனத்துக்கு மகளை எழுதச் சொல்லுங்கள்: என் 1,500 டொலரில் நான் தங்கும் வீட்டுக்கு எவ்வளவு, அங்கேயே இருந்து வருடம் முழுக்கப் பழக்குகிற உள்ளூர்ப் பயிற்றுநருக்கு எவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு, உங்கள் அலுவலகத்துக்கு எவ்வளவு? நான் வருகிற திகதிகளில் பள்ளிக்கூடம் நடக்குமா, தவணை விடுமுறையா? நான் திரும்பிப் போன பிறகு அந்தப் பிள்ளைகளைப் பழக்கப்போவது யார்? எந்த வகை விசாவில் வருகிறேன், தொண்டு வேலைக்கு அது சரிவருமா? விசா மறுத்தால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள்? ஒழுங்கான நிறுவனம் இரண்டு நாளில் கணக்கோடு பதில் போடும். கணக்குக்குப் பதிலாகச் சிரிக்கிற பிள்ளைகளின் படம் வந்தால் விட்டுவிடுங்கள்.

பதில் திருப்தி, திகதியும் மாறுகிறது, மகளுக்கு ஆசையும் குறையவில்லை என்றால் செலவைச் சுருக்கப் பார்க்கலாம். தம்பி தருகிற காசை இங்கே ரூபாயாக எடுத்துத் திரும்ப டொலராக மாற்றி அனுப்பினால் இரண்டு தரம் மாற்று நட்டம், அதற்கு மேல் வங்கிக் கட்டணம். அவர் லண்டனில் இருந்தே நேரடியாகக் கட்டட்டும், பற்றுச்சீட்டு மகளின் பெயரில் வரட்டும். உண்டியலில், அதாவது வங்கியில்லாமல் ஆள் மூலம், அனுப்புகிற யோசனையே வேண்டாம். சட்டத்துக்குப் புறம்பு என்பது ஒன்று, பிறகு காசைத் திருப்பிக் கேட்க நேர்ந்தால் கையில் ஒரு துண்டும் இருக்காது.

மலேரியா மருந்துக்கென்று நிறுவனத்தார் தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டாம். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது, அந்த நிலையைக் காப்பாற்றுவதற்காகவே ஆபிரிக்கா போகிறவர்களுக்குத் தடுப்பு மருந்தை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது. பயணத்துக்கு முதலே தொடங்க வேண்டிய மருந்து, கடைசி நாளில் ஓட வேண்டாம். வந்த பிறகு காய்ச்சல் என்றால் போன இடத்தை டொக்டரிடம் சொல்லி இரத்தம் பார்க்க வேண்டும். காப்புறுதியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

நிலையான வைப்பை முதிர்வுக்கு முன் உடைத்தால் சொன்ன வட்டி கிடைக்காது. கொஞ்ச நாள்தான் என்றால் அதன்மேல் கடன் எடுப்பது உடைப்பதைவிட நல்லது. அதோடு, 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் 10 வீத வரி வெட்டுகிறார்கள். உங்கள் வருட வருமானம் 18 லட்சத்துக்கு மேல் இல்லையென்றால் வங்கியில் சுயபிரகடனப் படிவம் நிரப்பிக் கொடுங்கள், வெட்டமாட்டார்கள். சாம்பியாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் பலர் சும்மா விடுகிற காசு.

எதிர்காலத்துக்கு நல்லதா என்று கேட்டீர்கள். வலைப்பந்து என்றால் எங்கள் ஆட்களுக்குத் தனிப் பெருமை, 2019 உலகக் கிண்ணத்தில் அதிக கோல் போட்டவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை தர்ஜினி சிவலிங்கம். உங்கள் மகளுக்கும் பயிற்றுநராக வர விருப்பம் என்றால் கொழும்பில் தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவகத்தின் டிப்ளோமா பற்றி விசாரியுங்கள். வெளிநாட்டில் தொண்டு செய்யத்தான் ஆசை என்றால், பட்டம் முடிந்த கையோடு ஐநா தொண்டர் திட்டத்துக்கு விண்ணப்பிக்கட்டும். அங்கே நீங்கள் கட்டுவதில்லை, அவர்கள் வாழ்க்கைச் செலவு தருகிறார்கள். போட்டி கடுமைதான். அதுவரை சனி ஞாயிறில் தீவுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பழக்கலாம், படகுக் காசும் மத்தியானச் சாப்பாடும்தான் செலவு. ஊசி இரண்டு வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

இடத்தை உறுதி செய்ய இன்றைக்கே முற்பணம் கட்டச் சொல்லி அவசரப்படுத்துவார்கள். தவணைத் திகதி பற்றிய கேள்விக்கு மறுமொழி வரும் வரைக்கும் ஒரு சதமும் கட்டாதீர்கள். மறுமொழி வந்ததும் அதை அப்படியே எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.