‘நடக்கேலாத ஆக்களை வைச்சு என்ன ஆராய்ச்சி?’

அம்மா, முள்ளந்தண்டில் அடிபட்டவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய உங்கள் மகள் ஆசைப்படுகிறாள் என்றதற்கு, போன கிழமை அவளோடு வந்திருந்தபோது நீங்கள் இப்படிக் கேட்டீர்கள். அவளுடைய முகம் வாடிவிட்டதால் நான் பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

முள்ளந்தண்டில் அடிபட்டவருக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது என்று முந்தி டொக்டர்மாரும் பெரும்பாலும் நினைத்தார்கள். ஆனால் அந்த நோயாளிகளைச் சாகடித்தவை பெரும்பாலும் படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். 1944 இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில் லுட்விக் குட்மன் என்ற நரம்பியல் நிபுணர் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்தார், சிறுநீர்ப்பையைக் கவனித்தார், அப்புறம் கையில் வில்லும் அம்பும் கொடுத்தார். 1948 இல் 16 பேரோடு அங்கே நடந்த அம்பெய்தல் போட்டிதான் பிறகு பராலிம்பிக்காக வளர்ந்தது.

மகளை இழுத்தது வேறு. சுவிட்சர்லாந்தின் லோசானில் கிரெகுவார் கூர்ட்டின் என்ற ஆராய்ச்சியாளரின் குழு முண்ணாணுக்கு, அதாவது முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புவடத்துக்கு, மின்தூண்டல் கொடுத்து ஆட்களை நடக்கவைத்த வீடியோவைப் பார்த்திருக்கிறாள். 2023 இல் மூளையின் சமிக்ஞையையே முண்ணாணுக்குக் கடத்தும் கருவியையும் அவர்கள் காட்டினார்கள். உண்மைதான். ஆனால் அது மிகச் சிலருக்கு, நீண்ட பயிற்சியோடு, ஊன்றுகோலோடு கிடைத்த நடை. இதை அவளிடமும் சொன்னேன்.

எங்கள் ஊரின் கேள்விகள் வேறு. ஷெல்லடியில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர், பனையால் விழுந்தவர், மோட்டார் சைக்கிளில் அடிபட்ட பெடியன்... வைத்தியசாலையால் வீட்டுக்கு வந்தபிறகு, மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்தமாதிரி, புண்ணும் காய்ச்சலும் தொடங்கும். கக்கூஸ் வளவின் மூலையில் இருக்கிற வீட்டில் சக்கர நாற்காலியோடு எப்படிச் சீவிப்பது? சிறுநீரை வெளியேற்றும் குழாயான கதீற்றரைத் தானே போட்டெடுக்க ஒருவரைப் பழக்குவது எப்படி? வெக்கையில் வேர்த்த தோல் எவ்வளவு நேரம் தாங்கும்? இதற்கெல்லாம் லோசானிலிருந்து யாரும் வந்து பதில் தேடமாட்டார்கள். வடக்கில் ‘உயிரிழை’ என்று பாதிக்கப்பட்டவர்களே சேர்ந்து ஒரு அமைப்பு வைத்திருக்கிறார்கள். மகள் முதலில் அவர்களோடு கதைக்கட்டும்.

சரி, வேலை கிடைக்குமா? ஆராய்ச்சி மட்டுமே செய்து சம்பளம் எடுப்பது இலங்கையில் அரிது. அதில் உங்கள் பயம் நியாயம். ஆனால் விரிவுரையாளராகவோ வைத்தியராகவோ இருந்துகொண்டு ஆராய்ச்சி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மருத்துவ பீடம் கிடைத்தால், பிறகு கொழும்பில் வாதநோய், புனர்வாழ்வு மருத்துவத்தில் நிபுணத்துவம் எடுக்கலாம். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி கொஞ்சம் குறைந்தால் பேராதனையிலோ கொழும்பிலோ இயன்மருத்துவப் பட்டம் இருக்கிறது. ‘டொக்டர் கிடைக்காட்டி பிஸியோவா’ என்று முகத்தைச் சுழிக்காதீர்கள். முள்ளந்தண்டு நோயாளியோடு நாள் முழுக்க நிற்கிறவர் அவர்தான். நல்ல ஆய்வுக் கேள்விகளும் அங்கேதான் பிறக்கும். கருவி செய்யும் உயிர்மருத்துவப் பொறியியலுக்கு உயர்தரத்தில் இணைந்த கணிதம் வேண்டும், அவள் அதை எடுக்காததால் அந்தக் கதவு மூடியாயிற்று.

வருகிற லீவில் ஒரு நாள் அவளை வைத்தியசாலைப் புனர்வாழ்வு விடுதி ஒன்றுக்கு, அனுமதி கேட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள். புண்ணுக்கு மருந்து கட்டும் நேரத்தில் போனால் நல்லது. அந்தப் புண்ணின் மணத்துக்குப் பிறகும் ‘இதுதான்’ என்றால் நீங்கள் மறிக்காதீர்கள்.

அதுவரை யோசிக்க வேண்டியது அவளுடைய பௌதீகவியல். போன தவணைப் புள்ளியைப் பார்த்தேன். எந்தக் கதவென்றாலும் அந்தப் புள்ளியோடு திறக்காது.