பீட்ரூட் ஊற்றிய கேக் ஏன் பழுப்பானது?

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்குக் கடைக் கலர் வேண்டாம் என்று பீட்ரூட் சாறு கலந்து கேக் செய்தேன். மாவு நல்ல ரோஸ் நிறத்தில் இருந்தது. வெந்து வந்ததும் பழுப்பாகிவிட்டது. எங்கே தவறு?

பதில்: பீட்ரூட்டின் சிவப்புக்குக் காரணமான 'பீட்டானின்' என்ற நிறமி அதிகச் சூட்டைத் தாங்காது. காரத்தன்மையும் (மிளகாய்க் காரம் அல்ல; சோடா உப்பு, சுண்ணாம்பு போன்றவற்றின் குணம்) அதற்கு ஆகாது. உங்கள் மாவிலோ சோடா உப்பு இருந்திருக்கும், அவனில் அரை மணி நேரச் சூடு வேறு. ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்ததும் சிவக்கிறதே, காய்கறி நிறங்கள் பலவும் அப்படித்தான்; பக்கத்தில் சேர்வது புளிப்பா காரத்தன்மை உள்ளதா என்று பார்த்து மாறும்.

அதனால் நிறத்தை கேக்கில் சேர்க்காமல் மேலே பூசும் கிரீமில் சேருங்கள். ஆனால் சாறாக ஊற்றினால் கிரீம் நீர்த்துவிடும். பீட்ரூட்டை மெல்லிய வில்லைகளாகச் சீவி, கையில் ஒடித்தால் 'படக்' என்று முறியும் வரை நிழலில் உலர்த்தி, பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். அரை டீஸ்பூனில் தொடங்கி, வேண்டிய நிறம் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் நிற்கும். அதற்கு மேல் விட்டால் கிரீம் திரியும்.

ஆரஞ்சு நிறத்துக்கு கேரட். கேரட் அல்வா கிளறும்போது ஓரத்தில் பிரியும் நெய்யைப் பார்த்திருப்பீர்கள், ஆரஞ்சாக மின்னும். கேரட்டின் நிறம் கொழுப்பில்தான் கரையும் என்பதால் வரும் மினுமினுப்பு அது. துருவிய கேரட்டை வெண்ணெயில் சிறு தீயில் வதக்கி வடிகட்டுங்கள். அந்த வெண்ணெயை ஆறவைத்து, இறுகியதும் கிரீம் அடிக்க எடுத்துக்கொள்ளலாம்.

பச்சைக்குப் பசலைக்கீரை. கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றி, பிழிந்து விழுதாக அரையுங்கள். இதில் மட்டும் எலுமிச்சை கூடவே கூடாது. புளிப்பு பட்டால் பச்சையத்தில் உள்ள மெக்னீசியம் விலகி, நிறம் மங்கிப்போகும். புளித்த இட்லி மாவில் கீரை விழுது சோபிக்காததும் இதனால்தான். சப்பாத்தி மாவில் பிசைந்து பாருங்கள், அழகாக இருக்கும்.

கடைக் கலரின் பளீர் நிறம் இவற்றில் வராது. பரவாயில்லை. ரோடமைன் பி என்ற துணிச்சாயம் கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. நீங்கள் எடுத்த முடிவு சரியானதே. மீதி பீட்ரூட் பொடியை ஈரம் படாத கண்ணாடிப் பாட்டிலில் இறுக மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். வெளிச்சத்திலும் அந்தச் சிவப்பு வெளுக்கும்.