க்ளூவைன் மசாலா: பாக்கெட் கிடைக்கலன்னா என்ன பண்றது?

கேள்வி: அக்கா, நான் ஜெர்மனியில ஸ்டுட்கார்ட்ல வேலை பாக்குறேன். வர்ற சனிக்கிழமை ஆஃபீஸ் ஃப்ரெண்ட்ஸ் ஆறு பேர் வீட்டுக்கு வர்றாங்க, க்ளூவைன் (மசாலா போட்டு சூடு பண்ற வைன்) பண்ணலாம்னு பாத்தா இந்த பிப்ரவரியில அந்த மசாலா பாக்கெட் எந்த கடையிலயும் இல்ல. போன மாசம் பட்டைப்பொடி, கிராம்புப்பொடி எல்லாம் போட்டு நானே பண்ணி பாத்தேன், ஒரே கசப்பு, அடியில சேறு மாதிரி தங்கிடுச்சு. எந்த மசாலா, எவ்வளவு, எங்க வாங்கறது?

பதில்: தம்பி, பாக்கெட் கிடைக்கலன்னு கவலையே படாதீங்க, அதுக்குள்ள இருக்கறது பெரும்பாலும் உங்க கிச்சன்ல பிரியாணிக்கு வாங்கி வெச்சிருக்கற சாமான்தான். க்ளூவைன்கெவூர்ட்ஸ்னு எழுதின பாக்கெட் அக்டோபர்ல ஷெல்ஃபுக்கு வரும், கிறிஸ்துமஸ் முடிஞ்சா பாதி விலைக்குத் தள்ளிட்டு எடுத்துடுவாங்க, அதனால பிப்ரவரியில தேடினா கிடைக்காதது சகஜம். ஆனா உங்களுக்கு கசந்ததுக்கும் பாக்கெட் இல்லாததுக்கும் சம்பந்தமே இல்ல, அதை முதல்ல சொல்லிடறேன்.

கசப்பு மூணு வழியில வரும். ஒண்ணு பொடி. பட்டைப்பொடி சூடான திரவத்துல ஊறி கொழகொழன்னு ஆகும், நீங்க சேறுன்னு சொன்னது அதான், வடிகட்டினாலும் முழுசா போகாது, கிராம்புப்பொடியும் வெளிய எடுக்க முடியாம கடைசி கப் வரைக்கும் இறங்கிட்டே இருக்கும். ரெண்டாவது ஆரஞ்சுத் தோலுக்கு உள்பக்கம் இருக்கற வெள்ளை, அதோட சேத்து நறுக்கிப் போட்டா கசப்பு நிச்சயம். மூணாவது, இதுதான் பெரிய தப்பு, கொதிக்க விடறது. ஆல்கஹால் தண்ணிக்கு முன்னாடியே, 78 டிகிரியிலயே கொதிக்கும், வைன் தளதளன்னு கொதிச்சா வாசமும் போயிடும், மிச்சம் இருக்கறது புளிப்பும் துவர்ப்பும்தான். நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல மூணு தப்பையும் ஒரே பாத்திரத்துல பண்ணி ஒரு லிட்டர் வைனை அப்படியே சிங்க்ல ஊத்தியிருக்கேன், அன்னிக்கு எவ்வளவு வருத்தமா இருந்துச்சுன்னு இன்னும் ஞாபகம் இருக்கு, அதனாலதான் இவ்வளவு விளக்கமா சொல்றேன்.

இப்ப மசாலா. முக்கியம் பட்டையும் கிராம்பும்தான். ஐரோப்பிய சட்டப்படியே க்ளூவைன்னு பேர் போட்டு விக்கணும்னா இந்த ரெண்டுல ஒண்ணாவது பிரதானமா இருக்கணும், ஆல்கஹால் குறைஞ்சது 7 சதவீதம் இருக்கணும், தண்ணி சேக்கக்கூடாது. அதுக்கு மேல அன்னாசிப்பூ, ஏலக்காய், ஆரஞ்சுத் தோல், சில வீடுகள்ல இஞ்சித்துண்டு, சில வீடுகள்ல பிமென்ட்னு மிளகு மாதிரி பெரிய உருண்டை, அது அவங்கவங்க கைப்பழக்கம். நம்ம ஆளுங்க ஆசையில பிரிஞ்சி இலை, ஜாதிபத்திரி, சோம்பு எல்லாம் சேத்துடுவாங்க, வேண்டாம், குடிக்கறவங்களுக்கு குருமா ஞாபகம்தான் வரும்.

எங்க வாங்கறதுன்னா ரேவே, எடேகா, காஃப்லாண்ட் மாதிரி எந்த சூப்பர்மார்க்கெட்லயும் மசாலா ஷெல்ஃப்ல வருஷம் பூரா தனித்தனியா இருக்கும். பேர் மட்டும் தெரிஞ்சுக்கங்க: பட்டைக்குச்சி ட்சிம்ட்ஷ்டாங்கன், அன்னாசிப்பூ ஷ்டெர்ன்அனீஸ், ஏலக்காய் கார்டமோம், கிராம்பு நெல்கன் (கார்னேஷன் பூவுக்கும் இதே பேர்தான், பூக்கடை போர்டைப் பாத்து குழம்பிடாதீங்க). ஆனா சின்னச் சின்ன டப்பாவுக்கு விலை அதிகம். ஸ்டுட்கார்ட்ல ஈழத் தமிழர் கடைங்க இருக்கு, அங்க போனா அதே காசுக்கு பெரிய பாக்கெட்டே கிடைக்கும், வாசமும் நல்லா இருக்கும்.

பட்டை வாங்கறப்ப மட்டும் ஒரு நிமிஷம் நின்னு குச்சியோட முனையைப் பாருங்க. ஒரே ஒரு கெட்டியான பட்டை ரெண்டு பக்கமும் உள்ள சுருண்டு, கையால உடைக்க முடியாம மரக்கட்டை மாதிரி இருந்தா அது காசியா. பேப்பர் மாதிரி மெல்லிசா பல அடுக்கு சுருட்டு போல ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருந்து, அழுத்தினா பொறுபொறுன்னு நொறுங்கினா அது இலங்கைக் கறுவா. தமிழ்க்கடையில கறுவான்னு கேட்டாலே எடுத்துத் தருவாங்க, ஜெர்மன் பாக்கெட்ல சேலோன் ட்சிம்ட்னு போட்டிருக்கும். காசியா காரமா முன்னாடி வந்து நிக்கும், கறுவா மெதுவா இனிக்கும், எனக்கு க்ளூவைனுக்கு கறுவாதான் பிடிக்கும். காசியாவுல கூமரின்ங்கற ஒரு வேதிப்பொருள் அதிகம், தினமும் நிறைய சாப்பிட்டா சிலருக்கு கல்லீரலுக்கு ஆகாது, எப்பவாவது ஒரு கப்புக்கு பயப்பட வேண்டியதில்ல.

ஆறு பேருக்கு 750 மில்லி பாட்டில் ரெண்டு வாங்குங்க. டோர்ன்ஃபெல்டர் மாதிரி ட்ராக்கன்னு போட்ட, அதாவது இனிப்பு இல்லாத சாதா சிவப்பு வைன் போதும், மரப்பீப்பாயில வெச்ச விலை கூடின வைன் இதுக்கு வேஸ்ட். பட்டைக்குச்சி 3, கிராம்பு 8, அன்னாசிப்பூ 2, லேசா தட்டின ஏலக்காய் 5, சர்க்கரை 100 கிராம், ஒரு ஆரஞ்சு. ஆரஞ்சு பியோன்னு (அதாவது இயற்கை முறையில விளைஞ்சது) போட்டதா இருக்கட்டும், மத்ததுல தோல் சாப்பிட ஏத்ததில்லன்னு வலைப்பையிலயே எழுதியிருப்பான். காய்கறி சீவற கத்தியால மஞ்சள் தோல் மட்டும் வர்ற மாதிரி சீவுங்க, அப்புறம் பழத்தைப் பிழிஞ்சு அந்தச் சாறுலயே சர்க்கரையும் மசாலாவும் தோலும் போட்டு சின்ன தீயில பத்து நிமிஷம் வைங்க. சாறு கம்மியா இருந்தா இன்னொரு ஆரஞ்சு பிழிஞ்சுக்கங்க. மசாலாவோட சாரம் முக்கால்வாசி இங்கயே இறங்கிடும், அதனால வைனைப் போட்டு ரொம்ப நேரம் காய்ச்ச வேண்டிய அவசியமே இல்ல.

அப்புறம் வைனை ஊத்தி, பாத்திரத்து ஓரத்துல குட்டிக் குட்டி முத்து கட்டறதுக்கு முன்னாடி, லேசா ஆவி கிளம்பினதும் அடுப்பை அணைச்சு மூடிடுங்க. தெர்மாமீட்டர் இருந்தா 70லேருந்து 75 டிகிரி. அரை மணி நேரம் ஊறட்டும், நடுவுல இருபதாவது நிமிஷம் ஒரு ஸ்பூன் எடுத்துக் குடிச்சுப் பாருங்க, நாக்கு நுனி மரத்துப்போற மாதிரி இருந்தா கிராம்பு போதும்னு அர்த்தம், உடனே எடுத்துடணும். கிராம்பை முதல்லயே சீவின ஆரஞ்சுத் தோல்ல குத்தி வெச்சிருந்தா ஒரே தூக்குல வெளிய வந்துடும். வடிகட்டி, பரிமாறறப்ப மறுபடி லேசா சூடு பண்ணிக்கங்க, சர்க்கரை பத்தலன்னா அப்ப போடலாம்.

அடுத்த சீசன்ல பாக்கெட் வாங்கறதா இருந்தா பின்னாடி திருப்பி ட்சூடாட்டன்னு போட்ட பட்டியலை, அதாவது என்னென்ன சேத்திருக்காங்கன்னு இருக்கறதைப் படிங்க, ஆரோமான்னு எழுதியிருந்தா வாசம் தனியா சேத்திருக்காங்கன்னு அர்த்தம். டீ பை மாதிரி வர்ற க்ளூஃபிக்ஸ் அவசரத்துக்கு நல்லதுதான், ஆனா சொன்ன நேரத்துக்கு மேல ஊற விட்டுடாதீங்க. இல்லன்னா டிஎம் கடையில காலி டீ ஃபில்டர் பை விக்கும், அதுல மேல சொன்ன காஞ்ச மசாலாவை மட்டும் அதே கணக்குல முழுசு முழுசா போட்டுக் கட்டி காத்து போகாத டப்பாவுல வெச்சுடுங்க.

வர்ற ஆறு பேர்ல வண்டி ஓட்டறவங்களும் குடிக்காதவங்களும் இருப்பாங்க இல்ல, அவங்களுக்கு சிவப்பு திராட்சை ஜூஸும் ஆப்பிள் ஜூஸும் பாதிப்பாதி எடுத்து இதே மசாலாவை சர்க்கரை இல்லாம போட்டு இதே மாதிரி பண்ணுங்க, கிண்டர்புன்ஷ்னு கிறிஸ்துமஸ் மார்க்கெட்ல விக்கறது கிட்டத்தட்ட அதான். ரெண்டும் ஒரே நிறமா இருக்கும், அதனால பாத்திரத்துல பேர் எழுதி ஒட்டி, தனித்தனி கரண்டி வைங்க.