எண்டோமெட்ரியோசிஸுக்கு டையனோஜெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இது கருத்தடை மாத்திரைதானே?

கேட்டவர் மேலும் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறார்: சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து துளித்துளியாக இரத்தம் படுகிறது, நிறுத்திவிடலாமா? பின்னால் குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா?

எண்டோமெட்ரியோசிஸ் என்பது கருப்பையின் உள்சுவரைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய். அது சினைப்பையில் கட்டியாக வந்தால் சாக்லேட் சிஸ்ட் என்பார்கள். நானும் அந்தக் கட்டிக்காக இதே மாத்திரையைச் சாப்பிட்டவள். அதனால் எழுதுகிறேன்.

மருந்து ஒன்றுதான், மாத்திரைகள் வேறு வேறு. டையனோஜெஸ்ட் ஒரு புரோஜெஸ்டின், அதாவது புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோனைப் போல வேலை செய்யும் செயற்கை மருந்து. 1979-இல் அன்றைய கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரில் உருவாக்கினார்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனோடு சேர்த்துக் கொடுத்தால் அது கருத்தடை மாத்திரை. வாலெட், க்ளைரா எல்லாம் அந்த வகை. ஈஸ்ட்ரோஜன் சேர்க்காமல் தனியாக, தினம் 2 மில்லிகிராம் என்றால் எண்டோமெட்ரியோசிஸ் சிகிச்சை. உங்களுக்குத் தந்திருப்பது இது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த 2 மில்லிகிராமிலும் பெரும்பாலானவர்களுக்குக் கருமுட்டை வெளிவருவது நின்றுவிடும். ஆனாலும் இதைக் கருத்தடையாக நம்பக் கூடாது. அதற்காக இதற்கு அனுமதி தரப்படவில்லை. கர்ப்பம் வேண்டாம் என்றால் ஆணுறை மாதிரி ஹார்மோன் இல்லாத வழி ஒன்று கூடவே வேண்டும். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளிலும் இது இருக்கிறது, யார் பிரித்துப் படிக்கிறார்கள்!

சரி, இரத்தம் படுவதற்கு வருவோம். கருப்பைக்கு வெளியே, சினைப்பையில், குடலை ஒட்டி எங்கெங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும் திசுவுக்கு ஈஸ்ட்ரோஜன்தான் தீனி. டையனோஜெஸ்ட் அந்தத் தீனியை ஓரளவு குறைக்கிறது, அந்தத் திசுவையும் நேரடியாகச் சுருங்க வைக்கிறது. அதே மருந்து கருப்பையின் உள்சுவரையும் மெலிய வைப்பதால் அது ஒழுங்கில்லாமல் கசிகிறது. முதல் சில மாதங்களுக்கு இது ரொம்பச் சகஜம். எனக்குப் பழுப்பு நிறத்தில், நாப்கின் வைக்கவும் யோசிக்க வேண்டிய அளவில், வருவதும் போவதுமாக இருந்தது. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அதே சமயம் இடுப்பைப் பிடுங்கும் அந்த வலி மெல்ல விலகியது. பின்னால் கசிவும் நின்றது, பீரியட்ஸே வரவில்லை. அழுக்கு உள்ளே தங்கிவிடுமே என்று பயமுறுத்துவார்கள். உள்சுவர் வளராதபோது தங்குவதற்கு எதுவுமில்லை.

இடைவெளி விடாமல், தினம் ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். இரத்தம் பட்டாலும் நிறுத்தக் கூடாது. விட்டு விட்டுச் சாப்பிட்டால் கசிவு கூடும். சாப்பிட்ட மூன்று நான்கு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று போட்டுக்கொள்ள வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபின், ஃபெனிடாயின் போன்றவை இதன் வீரியத்தைக் குறைக்கும், முன்பே சொல்லிவிடுங்கள். நாப்கின் நனைந்து நனைந்து மாற்றும் அளவுக்குப் போனாலோ தலைசுற்றினாலோ அது கசிவுக் கணக்கில் சேராது, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

குழந்தை விஷயத்தில், நிறுத்தியதும் கருமுட்டை வெளிவருவது திரும்பிவிடும். பொதுவாக இரண்டு மாதத்துக்குள் சுழற்சி பழையபடி ஆகும். எண்டோமெட்ரியோசிஸால் கருத்தரிப்பதில் சிக்கல் வரலாம், அது வேறு பேச்சு. அந்தப் பழியை மாத்திரை மேல் போடாதீர்கள்.

கடைசியாக, மனநிலை. காரணமே இல்லாமல் அழுகை, எதிலும் ஒட்டாமல் இருப்பது என்று சிலருக்கு வரும். முன்பு மனச்சோர்வு இருந்தவர்கள் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். அப்படி ஏதாவது தோன்றினால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பதின்வயதுப் பெண்ணுக்கு என்றால் எலும்பு அடர்த்தியைப் பற்றியும் கேளுங்கள். அந்த வயதில் அது குறையக்கூடும்.